70மாய் ஏ500எஸ்: வெள்ளவத்தை மேட்டில் ஒரு சிறு மோதலும் பின் கமராவும்

வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்துக்கு ஏறும் இலேசான மேட்டில், பாதசாரிக் கடவைக்கு முன்னால் என்னுடைய கார் நின்றுகொண்டிருந்ததா, அல்லது பிரேக்கை விட்டு கிளச் பிடிப்பதற்குள் பின்னுக்கு உருண்டு பின்னால் வந்த வேனில் முட்டியதா என்ற ஒரே கேள்வியை, கடந்த ஐப்பசி மழையில் காலி வீதியோரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று பேச வேண்டியிருந்தது. சேதம் பெரிதல்ல. என் காரின் பின் பம்பர் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது, இடது பின் விளக்கின் கண்ணாடி உடைந்திருந்தது, வேனின் முன்பக்கத்தில் ஒரு கீறல் மட்டும் இருந்தது. ஆயினும் தவறு யாருடையது என்பதில் இருவருக்கும் இரண்டு நினைவுகள் இருந்தன. இருவருமே தம் நினைவை உண்மையென நம்பினோம். அந்தக் கேள்விக்கு விடை தந்த, காரில் பொருத்தி ஓட்டத்தைப் பதியும் கமராவைப் பற்றியும், அந்த விடையை அதிலிருந்து எடுக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதைப் பற்றியுமே இங்கு எழுதுகிறேன்.

அந்தக் கமராவை வாங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னர் கொட்டாஞ்சேனையில், ஒழுங்கையொன்றிலிருந்து திடீரென வெளியே வந்த முச்சக்கர வண்டி என் முன்கதவை உரசியது. கூடிய கூட்டத்தில் எவரும் நடந்ததைப் பார்த்திருக்கவில்லை, ஆனால் எல்லோரிடமும் அபிப்பிராயம் இருந்தது. எதிரிலிருந்த கடையின் சிசிடிவி வீதியைப் பார்க்காமல் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் என் கதவுக்கும் அவருடைய விளக்குக்கும் நானே பணம் கொடுத்தேன். பணம் போனதைவிட, நடந்ததை நடந்தபடி நிறுவ முடியாமற்போனதே நெடுநாள் மனத்தை அறுத்தது. என்னுடையது பழைய சுசுகி ஆல்டோ. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலம் முழுவதும் கையிலிருக்கும் காரைப் பொன்போலப் பேண வேண்டிய நிலையில் இருந்தவர்களுள் நானும் ஒருவன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னர் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பல கடைகளிலும் விசாரித்து, 70மாய் என்ற சீன நிறுவனத்தின் ஏ500எஸ் என்ற மாதிரியைப் பின் கமராவுடன் சேர்த்து வாங்கினேன். பொருத்துக்கூலியும் மெமரி கார்டும் அடங்கலாக 40,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாகச் செலவானது. முன் கமரா சோனியின் ஐஎம்எக்ஸ்335 என்ற, ஒளியைப் படமாக்கும் உணரியைக் கொண்டது. 2592க்கு 1944 என்ற அளவில், அதாவது வழமையான அகலப் படத்தைவிட உயரம் கூடிய நான்குக்கு மூன்று விகிதத்தில் பதிவு செய்கிறது. இந்த விகிதத்தைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கோ அதுவே பயன்பட்டது, ஏனெனில் படத்தின் கீழ்விளிம்பில் என் காரின் பொனட்டும் அதற்கு உடனடியாக முன்னாலுள்ள வீதியும் தெளிவாக விழுகின்றன. பின் கமரா 1080 தரத்தில் பதிகிறது. ஜிபிஎஸ் உள்ளேயே இருப்பதால் வேகமும் இடமும் படத்தின்மேல் அச்சாகின்றன.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. முன் கண்ணாடியின் இடது பக்கத்தில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் இருக்கும். கமராவின் பார்வையையும் சாரதியின் பார்வையையும் மறைக்காத ஒரே இடம் நடுக்கண்ணாடியின் பின்புறந்தான். பின் கமராவின் வயரைக் கூரைத்துணிக்குள்ளால் கொண்டுசென்று டிக்கிக் கதவின் இறப்பர்க் குழாய் வழியாக எடுக்க வேண்டும். அவசரத்தில் அதை வெளியே தொங்கவிட்டால் சில மாதங்களில் கதவு அதை நசுக்கிவிடும். என் காரில் இந்த வேலை ஒழுங்காகவே நடந்தது. நேர வலயத்தை மாற்றுவதை மட்டும் பொருத்தியவர் மறந்திருந்தார், நானும் கவனிக்கவில்லை. அந்தக் கவனயீனத்துக்குப் பின்னர் விலை கொடுத்தேன்.

அன்று மாலை 6.40 மணியளவில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். தூறல் நின்று வீதி நனைந்திருந்தது. கடவையில் குழந்தையுடன் ஒரு பெண் இறங்கியதைக் கண்டு பிரேக் பிடித்து நின்றேன். ஓரிரு வினாடிக்குள் பின்னாலிருந்து இடி விழுந்தது. வேனை ஓட்டி வந்தவர் புறக்கோட்டையில் வியாபாரம் செய்யும், ஐம்பது வயது கடந்த ஒரு நானா. இறங்கியதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "தம்பிக்கு ஒண்டும் இல்லத்தானே?" என்பதாகும். அதன் பின்னரே, "டக்கெண்டு பிரேக் அடிச்சா நான் எப்பிடித் தம்பி நிப்பாட்டுற?" என்றார். அவருடன் வந்த இளைஞனோ, கார் மேட்டில் பின்னுக்கு உருண்டதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னான். பிரேக் விளக்கும் எரியவில்லை என்றான். உடைந்து கிடந்த விளக்கை வைத்து அவ்வேளையில் அதை மறுக்கவும் வழியில்லை.

கமரா இருந்ததால் கிடைத்த முதல் நன்மை வழக்கோடு தொடர்பற்றது. காலி வீதியில் அந்த நேரத்தில் இரண்டு வாகனங்கள் நடுவீதியில் நின்றால் தெஹிவளை வரைக்கும் ஹோர்ன் சத்தந்தான் கேட்கும். முன்பென்றால் காப்புறுதிக்காரர் வரும்வரை வாகனத்தை அசைக்க அஞ்சியிருப்பேன். அன்று நான்கு பக்கமும் கைப்பேசியில் படமெடுத்துவிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் இருவரும் ஓரத்துக்கு எடுத்துவிட்டோம்.

அதன் பிறகு பின் கமராவின் காணொளியை நானாவுக்குக் காட்டினேன். வேன் அண்மித்து வருவதும் படம் குலுங்குவதும் தெளிவாக இருந்தன. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த இளைஞன் சொன்ன பதிலைக் கேட்டு, உண்மையாகவே, எனக்குப் பேச்சு வரவில்லை. "கார் பின்னுக்கு வந்தாலும் இப்படித்தானே தெரியும்?" என்றான்.

அவன் சொன்னது முற்றிலும் சரி. பின் கமரா என் காரோடு சேர்ந்து நகர்வது. வேன் என்னை நோக்கி வந்தாலும் நான் வேனை நோக்கிப் போனாலும், படத்தில் வேன் பெரிதாகிக்கொண்டே வருவதாகத்தான் தெரியும். இரண்டுக்குமிடையிலுள்ள வேறுபாட்டை வேனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அசையாத ஒன்றைப் பார்க்க வேண்டும். மீண்டும் ஓட்டி, இம்முறை வேனை விட்டுவிட்டு, படத்தின் ஓரத்தில் நடைபாதையின் கல்விளிம்பையும் அதன்மேல் நின்ற மின்கம்பத்தையும் பார்த்தோம். இடி விழும் கணம்வரை கம்பம் படத்தின் விளிம்பிலிருந்து ஒரு மயிரிழையும் அசையவில்லை, வேன் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. முன் கமராவும் அதையே வேறு வழியில் காட்டியது. கார் பின்னுக்கு உருண்டிருந்தால் பொனட்டின் விளிம்புக்கடியிலிருந்து வீதி மேலும் மேலும் வெளிப்பட்டிருக்க வேண்டும். மாறாக, கடவைக்கு முன்னாலுள்ள நிறுத்தக்கோடு பொனட்டுக்குச் சற்று முன்னால் அசையாமல் கிடந்து, இடி விழுந்த கணத்தில் சட்டெனப் பொனட்டுக்கடியில் மறைந்தது. அதாவது நின்ற கார் முன்னுக்குத் தள்ளப்பட்டது.

பிரேக் விளக்கைப் பற்றிய கேள்விக்கு நான் எதிர்பாராத இடத்திலிருந்து விடை வந்தது. பின் கமரா தன் காரின் விளக்கைத் தானே பார்க்க முடியாது. ஆனால் இருட்டத் தொடங்கிய வேளை, வேன் வெள்ளை நிறம், வீதி ஈரம். வேன் நெருங்க நெருங்க அதன் முன் பம்பரில் இரு பக்கமும் சிவப்பு ஒளி படிந்து கூடிக்கொண்டே வந்தது. இரு விளக்குகளும் எரிந்தன என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவைப்படவில்லை. ஒரே ஒரு கமராவை முன்னால் மட்டும் பொருத்தியிருந்தால் இந்தச் சிவப்பு ஒளி எனக்குக் கிடைத்திருக்காது. கம்பமும் கிடைத்திருக்காது.

படத்தின் மூலையில் அச்சான வேகத்தை நம்பி நான் முதலில் வாதாடியதையும் சொல்ல வேண்டும். அங்கு "0" என்றிருந்தது. ஆனால் ஜிபிஎஸ் வேகம் ஒரு வினாடியளவு பிந்தியே மாறுவது. நடைவேகத்துக்கும் குறைந்த அசைவை அது பெரும்பாலும் நின்றதாகவே காட்டும். மேட்டில் ஓரடி உருளும் காரை ஜிபிஎஸ் கண்டுபிடிக்குமென்று எவரும் எதிர்பார்க்கக் கூடாது. நகர எல்லைக்குள் 50 கிலோமீற்றரைத் தாண்டினீர்களா இல்லையா என்ற கேள்விக்கு அந்த எண் பயன்படலாம், உருண்டீர்களா என்ற கேள்விக்குக் கம்பமும் கோடுமே சாட்சி.

இனி, அந்தக் காணொளி எனக்கெதிராகச் சொன்னதையும் மறைக்க மாட்டேன். முன் கமராவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, அந்தப் பெண் கடவையில் கால் வைத்து ஏறத்தாழ இரண்டு வினாடி கழித்தே நான் பிரேக் பிடித்திருந்தேன். இடது பக்கத்தில் தரிப்பிடத்திலிருந்து பஸ்ஸொன்று வெளியே வந்துகொண்டிருந்தது, என் கண் அதன்மேல் இருந்திருக்கிறது. பிந்திக் கண்டதால் தேவைக்கு மேல் கடுமையாகப் பிடித்தேன். என் நினைவிலோ நான் நிதானமாக நின்றிருந்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைவிருந்தது. பின்னால் வருபவர் நிறுத்தக்கூடிய இடைவெளியை விட்டு வரவேண்டும் என்பதால், குறிப்பாக ஈர வீதியில், பிரதான தவறு நானாவுடையதே. ஆயினும் "டக்கெண்டு பிரேக் அடிச்சீங்க" என்ற அவருடைய முறைப்பாட்டில் உண்மை இருந்தது. அதை அவருக்குக் காட்டிய பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. "சரி தம்பி, கண்ணால கண்டதுக்குப் பொறகு என்ன கதை" என்றார். அந்த இளைஞனும் கம்பத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, தான் பார்த்தது தவறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டான்.

என் காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்தபோது நாங்கள் அநேகமாக உடன்பட்டிருந்தோம். அவர் காணொளியைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே: படத்தில் இரவு 9.10 என்று ஏன் இருக்கிறது? அப்போதுதான் நேர வலயம் சீனாவின் கணக்கில் கிடப்பது எனக்கு விளங்கியது. அவர்களுடைய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுவது. நானா அங்கேயே நின்று ஒப்புக்கொண்டதால் அது பொருட்படுத்தப்படவில்லை. அவர் மறுத்து, விடயம் பொலிஸுக்கும் அங்கிருந்து நீதிமன்றத்துக்கும் போயிருந்தால், என் சாட்சியின் முதல் ஓட்டை அதுவாகவே இருந்திருக்கும். இலங்கையில் இத்தகைய பதிவுகள் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் ஏற்கப்படக்கூடியவை. ஆனால் பதிந்த கருவி அவ்வேளையில் ஒழுங்காக இயங்கியது என்பதும், பதிவில் எவரும் கைவைக்கவில்லை என்பதும் காட்டப்பட வேண்டும். தவறான நேரம் காட்டும் கருவி ஒழுங்காக இயங்கியது என்று வாதாடுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கட்டுரையை வாசிப்பவர் எவரேனும் ஏற்கனவே கமரா வைத்திருந்தால், இன்றே காருக்குச் சென்று நேரம் சரியா என்று பாருங்கள்.

மூலப் பதிவைப் பேணுவதிலும் நான் மயிரிழையில் தப்பினேன். இக்கமரா மெமரி கார்ட் நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது. பலத்த அதிர்வை உணர்ந்தால் அந்தத் துண்டை மட்டும் அழியாத தனிக் கோப்புறையில் பூட்டிவைக்கும் வசதி உண்டு. ஆனால் கொழும்பின் குழிகளில் விழும்போதெல்லாம் அது பூட்டிக்கொண்டிருந்ததால், உணர்திறனை நானே மிகக் கீழே குறைத்து வைத்திருந்தேன். அன்றைய இடி அந்த அளவை எட்டவில்லை. ஆகவே மோதல் பதிவான துண்டு சாதாரணக் கோப்புகளோடு கிடந்தது, அப்படியே தொடர்ந்து ஓடியிருந்தால் அழிந்திருக்கும். சிறு மோதலுக்காகக் கமரா வாங்குபவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்: நம் வழக்குகள் பெரும்பாலும் மெல்லிய இடிகளில்தான் எழுகின்றன. அதிர்வு உணரியை நம்பியிராமல், மோதல் நடந்தவுடன் கையாலேயே அந்தத் துண்டைச் சேமித்து, கார்டைக் கழற்றி வைத்துவிடுவதே பாதுகாப்பு.

அனுப்பும் முறையும் முக்கியம். நான் மதிப்பீட்டாளருக்கு வாட்ஸ்அப்பில் வழமைபோல அனுப்பிய காணொளியில் சுருக்கம் காரணமாகச் சிவப்பு ஒளியே மங்கிவிட்டது. அதையே ஆவணமாக இணைத்து அனுப்பியபோது முழுத் தரத்தில் சென்றது. கமராவின் சொந்த வைஃபை மூலம் கைப்பேசிக்கு இறக்குவது மெதுவானது. கார்ட் ரீடர் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

கணக்கை எப்படித் தீர்த்தோம் என்று கேட்பவர்களுக்கு: பம்பர் நிமிர்த்தல், பெயின்ட், பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாவித்த பின் விளக்கு எல்லாமாக 27,000 ரூபா வந்தது. மூன்றில் இரண்டை நானா கொடுத்தார், மீதியை நான் ஏற்றேன். காப்புறுதிக் கோரிக்கையை விலக்கிக்கொண்டதால் என் நோ கிளெய்ம் போனஸ் (கோரிக்கை செய்யாதவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு) குறையவில்லை. ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொண்டோம். காணொளியை எங்கும் பகிரவில்லை. அதில் அவருடைய முகமும் வேனின் இலக்கமும் அந்தப் பெண்ணும் குழந்தையும் இருக்கிறார்கள். சாட்சிக்காகப் பதிந்ததைப் பொழுதுபோக்குக்காகப் பரப்புவது எனக்கு ஏற்புடையதல்ல. இதே காரணத்துக்காகவும், காருக்குள் நடக்கும் குடும்பப் பேச்சு பதியாதிருக்கவும், ஒலிப்பதிவை நிறுத்தி வைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் இடிக்குப் பிந்திய முதல் நிமிடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதும் சில வேளை தேவைப்படும் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன். காரில் ஏறுபவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இரவுப் பதிவைப் பற்றி அளவுக்கு மிஞ்சிய எதிர்பார்ப்பு வேண்டாம். நின்ற வாகனத்தின் இலக்கத்தகடு நன்றாகத் தெரியும். எதிரே வேகமாக வரும் வாகனத்தின் இலக்கம், ஹெட்லைட் ஒளியில் இந்த விலையிலுள்ள எந்தக் கமராவிலும் வெள்ளைக் கீற்றாகவே விழும். இடித்துவிட்டு ஓடுபவரைப் பிடிக்க, கண்ட இலக்கத்தை உரக்க வாசித்து ஒலிப்பதிவில் விட்டுவைப்பது ஒரு நல்ல வழி.

சமிக்ஞை விளக்குச் சந்திகளில் தவறு யாருடையது என்பது நிறத்தில் தங்கியிருப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அலைவு கொண்டது. நேரடியாக அதில் எரியும் எல்ஈடி, ஒவ்வோர் அலைவிலும் இருமுறையாக, வினாடிக்கு 100 தடவை மின்னும். வினாடிக்கு 25 படம் எடுக்கும் கமராவில், 100 என்பது 25இன் முழு மடங்காதலால், ஒவ்வொரு படமும் விளக்கு அணைந்த கணத்திலேயே விழ நேரிட்டால், எரியும் சிவப்பு பல வினாடிகள் அணைந்ததுபோல் தோன்றிவிடலாம். 30 படம் எடுத்தால் அந்த ஒத்திசைவு குலைந்து, வெறும் மினுக்கமாகவே தெரியும். 50, 60 ஹேர்ட்ஸ் இரண்டும் வழங்கும் ஜப்பானில் வினாடிக்கு 27.5 படம் என்ற கணக்கில் பதியும் கமராக்கள் விற்பனையாவது இதனாலேயே. அங்கிருந்து வந்த விட்ஸ், அக்வா போன்ற கார்களில் ஏற்கனவே பொருத்தப்பட்ட கமரா இருந்தால், மெனு ஜப்பானிய மொழியில் இருக்கிறது என்பதற்காகக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். கார்டை மாற்றி நேரத்தைச் சரிசெய்தால் அதுவே போதுமானதாக இருக்கலாம்.

வெயிலில் நிறுத்தும் கார்களுக்கு லித்தியம் மின்கலம் உள்ள கமராக்களைவிட, வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) உள்ளவையே பொருத்தம். ஏ500எஸ் மின்கலம் உள்ளது. என் கார் பகலில் நிழலில் நிற்பதால் இதுவரை தொல்லையில்லை. நாள் முழுவதும் கோட்டையிலோ புறக்கோட்டையிலோ திறந்தவெளியில் நிறுத்துபவர் இதை யோசித்து வாங்க வேண்டும். லேன் மாறினால் எச்சரிக்கும் வசதியை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டேன், காலி வீதியில் லேன் என்று ஒன்றைப் பிடித்து ஓட்டவே பஸ்கள் விடுவதில்லை. நிறுத்திய காரைக் கண்காணிக்கத் தனியாக ஒரு வயர்த் தொகுதி வாங்க வேண்டும். எங்கள் மாடிக் குடியிருப்பில் காவலாளி இருப்பதால் நான் வாங்கவில்லை.

கார்டுக்காகச் செலவைக் குறைக்க வேண்டாம். இடைவிடாது எழுதி அழிக்கும் வேலைக்கென்றே செய்யப்பட்ட, ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று அச்சிட்ட கார்டுகள் உண்டு. முதலில் நான் போட்டிருந்த மலிவான கார்ட் பதினோராம் மாதத்தில் ஒரு சத்தமுமின்றிப் பதிவதை நிறுத்தியிருந்தது. தற்செயலாகப் பார்த்திராவிட்டால் வெள்ளவத்தையில் காட்ட என்னிடம் ஒன்றுமே இருந்திராது. இப்போது ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறும் கார்டைக் கழற்றி, முன் கமராவில் ஒரு துண்டு, பின் கமராவில் ஒரு துண்டு ஓட்டிப் பார்த்து, மூலையிலுள்ள நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் திரும்பப் போடுகிறேன். பணம் போதாமல் முன் கமராவை மட்டும் வாங்கலாமா என்று என்னிடம் கேட்ட அலுவலக நண்பருக்கு, இரண்டு சம்பளம் பொறுத்துப் பின் கமராவோடு சேர்த்தே வாங்கும்படி சொல்லியிருக்கிறேன்.